ஆட்டிசம் உள்ள குழந்தையும் மாண்டிசோரி வகுப்பறையும்



பள்ளிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் ஒரே பதிலைப் பல வாசல்களில் கேட்டுத் திரும்புகிறார்கள்: “எங்கள் பள்ளி உங்கள் குழந்தைக்குச் சரிப்படாது. இதற்கென்றே இருக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.” மாண்டிசோரி என்ற பெயரைத் தாங்கிய பள்ளிகளிலும் இந்தப் பதில் வருவதுண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் தம் கல்விப் பணியைத் தொடங்கியதோ, பள்ளிகள் வேண்டாமென்று தள்ளிவிட்ட குழந்தைகளிடம். ஆட்டிசம் உள்ள குழந்தையும் மற்றக் குழந்தைகளும் ஒரே மாண்டிசோரி வகுப்பில் சேர்ந்து கற்க முடியும். அதற்குத் தேவையானவற்றில் பாதியை அந்த முறையின் சாதனங்களும் ஒழுங்கும் தந்துவிடுகின்றன. மறுபாதி பயிற்சி பெற்ற ஆசிரியரின் உழைப்பால் மட்டுமே வரும். அந்த மறுபாதி இல்லாமல் குழந்தையைச் சேர்த்துக்கொள்வது வெறும் இடம் ஒதுக்குவதாகவே முடியும். இவ்வுரையின் வாதம் இதுதான்.

ரோம் நகர மனநல விடுதிகளில்

1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற மரியா மாண்டிசோரி, அங்கேயே மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றத் தொடங்கினார். அந்தப் பணி அவரை நகரின் மனநல விடுதிகளுக்கு அழைத்துச் சென்றது. பெரியவர்களோடு குழந்தைகளும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் இருந்த அறையில் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைக் குழந்தைகள் பொறுக்கி விளையாடினார்கள் என்றும், பராமரிப்பவர் அதைப் பேராசை என்று இகழ்ந்தார் என்றும் மாண்டிசோரியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. தொட்டு அறிய ஏதேனும் கிடைக்காதா என்று அந்தக் கைகள் தேடுவதாக மாண்டிசோரி புரிந்துகொண்டார். இக்குழந்தைகளுக்கு மருத்துவத்தைவிடக் கல்வியே முதல் தேவை என்று 1898இல் தூரின் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் வாதிட்டார்.

வழி தேடியபோது அவருக்குக் கிடைத்தவர்கள் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவேரோன் பகுதிக் காடுகளில் திரிந்து பிடிபட்ட பேச்சில்லாத சிறுவன் ஒருவனுக்கு விக்டர் என்று பெயரிட்டுப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவர் ழான் இத்தார். விக்டருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று நம் காலத்து உளவியல் அறிஞர் ஊட்டா ஃப்ரித் எழுதியிருக்கிறார். இத்தாரின் வழியில் வந்த எதுவார் செகான், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குத் தொடுதல், பார்த்தல், கையாளுதல் வழியாகக் கற்பிக்கும் பயிற்சிகளை வகுத்தார். இவ்விருவர் எழுத்தையும் மாண்டிசோரி தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து உள்வாங்க அதுவே வழி என்று அவர் கருதினார்.

1900இல் ரோமில் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஜுசெப்பே மோந்தெசானோ என்ற மருத்துவரோடு மாண்டிசோரி பகிர்ந்துகொண்டார். பகல் முழுதும் குழந்தைகளோடு வேலை, இரவில் குறிப்புகள். மரத்தில் செய்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி அங்கே குழந்தைகள் எழுதக் கற்றார்கள். அவர்களில் சிலர் பொதுப்பள்ளி மாணவர்களோடு தேர்வெழுதித் தேறியபோது ஊரே வியந்தது. மாண்டிசோரிக்கு எழுந்த கேள்வி வேறு. எந்தக் குறையும் இல்லாத குழந்தைகள் இதே அளவில்தான் நிற்கிறார்கள் என்றால், அவர்களைப் பள்ளிகள் எப்படி நடத்துகின்றன?

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் 1907 ஜனவரி 6ஆம் நாள் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. இன்று உலகெங்கும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் கையாளும் சாதனங்களில் முக்கியமானவை அதற்கு முன்பே, ‘கற்க இயலாதவர்கள்’ என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் கைகளில் சோதித்துத் தேறியவை. எனவே ஆட்டிசம் உள்ள குழந்தையை மாண்டிசோரி வகுப்பில் சேர்ப்பதை விதிவிலக்காகவோ தயவாகவோ பார்ப்பதற்கு அந்த முறையின் வரலாற்றில் ஆதாரம் இல்லை.

அடையாறும் கொடைக்கானலும்

1939இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாறில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அவருடைய தாயின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அவரை விடுவித்தது. போர்க்காலத்தில் ஊர் திரும்ப வழியில்லாத நிலையில் 1942 முதல் 1944 வரை மாண்டிசோரி கொடைக்கானலில் தங்கி, வெவ்வேறு வயதுக் குழந்தைகளோடு பணி செய்தார்.

அவர் கொடைக்கானலில் இருந்த 1943ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ஆட்டிசம் தனி ஒரு நிலையாக மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது அதன் பிறகே. அதற்கு முன்பே 1920களில் மாஸ்கோவில் குருன்யா சுகரேவா இத்தகைய குழந்தைகளைத் துல்லியமாக விவரித்திருந்தும் அது பல்லாண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது. ஆகவே மாண்டிசோரி ஆட்டிசத்துக்கென்று ஒரு கல்விமுறையை வகுக்கவில்லை. அவர் வகுத்த வகுப்பறை ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பொருந்தும் இடங்கள்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் இருக்கும் ஒரு நல்ல மாண்டிசோரி வகுப்புக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒழுங்கு. ஒவ்வொரு சாதனத்துக்கும் அலமாரியில் ஓர் இடம் உண்டு. எடுத்த குழந்தை அங்கேயே திருப்பி வைக்கும். எதிர்பாராத மாற்றம் வந்தால் தவித்துப்போகும் குழந்தைக்கு இந்த நிலைத்தன்மை பெரிய ஆறுதல். நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் பொருள் இருக்கிறது. நேற்று செய்த வரிசையிலேயே இன்றும் செய்யலாம்.

அடுத்தது பாய். குழந்தை ஒரு சிறு பாயை விரித்து அதன்மேல் தன் வேலையைச் செய்கிறது. பாயின் ஓரம்வரை அதன் எல்லை. பிறர் அந்தப் பாயை மிதிப்பதில்லை. கேட்காமல் அதிலிருந்து எதையும் எடுப்பதில்லை. “கொஞ்சம் தள்ளி உட்கார்” என்று வாயால் சொன்னால் புரியாத குழந்தைக்குக்கூட, எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பாய் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

மூன்றாவது, சாதனங்களின் வடிவமைப்பு. இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனச்சதுரங்கள். மிகச் சிறியதன் பக்கம் ஒரு சென்டிமீட்டர், மிகப் பெரியதன் பக்கம் பத்து சென்டிமீட்டர். நிறம் ஒன்றே, மரம் ஒன்றே, அளவு மட்டும் மாறும். ஒரு நேரத்தில் ஒரே பண்பை மட்டும் முன்னிறுத்தும் இந்த அமைப்பு, ஒரே சமயத்தில் பல புலன் செய்திகள் வந்து மோதினால் திணறும் குழந்தைக்கு மிகவும் உதவுகிறது. உருளைப் பலகையில் தவறான குழியில் வைத்த உருளை பொருந்தாது, அல்லது கடைசியில் ஒன்று மிஞ்சும். பிழையைப் பொருளே சொல்லிவிடுவதால் பெரியவர் குறுக்கிட்டு “தப்பு” என்று சொல்ல வேண்டிய தேவை குறைகிறது.

நான்காவது, செகானிடமிருந்து வந்த மூன்று கட்டப் பாடம். “இது சிவப்பு, இது நீலம்” என்று பெயரைச் சொல்வது முதல் கட்டம். “சிவப்பைக் காட்டு” என்பது இரண்டாவது. “இது என்ன?” என்று கேட்பது மூன்றாவது. பேச்சு வராத குழந்தையும் இரண்டாவது கட்டத்தில் தன் அறிவை முழுமையாகக் காட்டிவிட முடியும். மூன்றாவது கட்டத்துக்குப் படஅட்டையோ, ஒலிக்கும் கருவியோ போதும். சென்னையில் உருவாக்கப்பட்ட ஆவாஸ் என்ற செயலி இந்திய மொழிகளில் இந்த வேலையைச் செய்கிறது. படத்தைத் தொட்டால் அது பேசும். வாய் பேசாத குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவு எவ்வளவு அநியாயமானது என்பது, இப்படி ஒரு வழி கிடைத்த அன்றே தெரிந்துவிடுகிறது.

ஐந்தாவது, கலந்த வயது. ஒரே வகுப்பில் மூன்று வயதுக்காரரும் ஆறு வயதுக்காரரும் இருப்பதால், எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே எழுவதில்லை. ஐந்து வயதில் பொத்தான் போடப் பழகும் குழந்தை, பக்கத்தில் தங்க நிற மணிகளைக் கொண்டு ஆயிரம்வரை கூட்டும் நான்கு வயதுக் குழந்தை, இரண்டுமே அந்த அறையில் இயல்பு. ஆட்டிசம் உள்ள குழந்தையே எண்களில் மற்றவர்களை முந்திச் செல்வதும் உண்டு. அப்போது சிறியவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் அது நிற்கிறது. எப்போதும் உதவி பெறும் ஆளாகவே இருந்த குழந்தைக்கு அந்த இடம் எளிதில் வேறெங்கும் கிடைக்காது.

இடிக்கும் இடங்கள்

இவ்வளவும் உண்மை என்றாலும், முறையை அப்படியே வைத்துக்கொண்டு குழந்தைதான் மாற வேண்டும் என்று எதிர்பார்த்தால் தோல்விதான் மிஞ்சும். மாண்டிசோரி வகுப்பின் உயிரான சுதந்திரத் தேர்விலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்கள் இருக்கும் அலமாரிகளின் முன்னே “உனக்குப் பிடித்ததை எடு” என்றால், சில குழந்தைகள் எதையும் தொடாமல் அறையைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். இவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று வேலைகளின் படங்களை மட்டும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். இன்று முதலில் என்ன, அடுத்து என்ன, எப்போது வீட்டுக்கு என்பதைப் படவரிசையாகச் சுவரில் ஒட்ட வேண்டும். தேர்வு அப்போதும் குழந்தையுடையதுதான்; எண்ணிக்கைதான் குறைகிறது.

திரும்பத் திரும்பச் செய்வது அடுத்த சிக்கல். ஒரே வேலையில் மூழ்கியிருக்கும் குழந்தையை இடைமறிக்கக் கூடாது என்பது மாண்டிசோரி ஆசிரியருக்கு முதல் பாடம். கனச்சதுரங்களைக் கோபுரமாக அடுக்காமல் நாள்தோறும் ஒரே கோட்டில் அடுக்கும் குழந்தையை என்ன செய்வது? அதைப் பிடுங்கி வைப்பதும் தவறு, மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் தவறு. அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து தாமும் ஒரு கோடு அடுக்குவார். பிறகு அதன்மேல் ஒன்றை ஏற்றி வைப்பார். குழந்தை பார்க்கிறதா, ஏற்கிறதா, தானும் ஒன்றை ஏற்றுகிறதா என்று கவனித்துக் குறித்துவைப்பார். குழந்தைக்குப் பிடித்ததிலிருந்தே அடுத்த படிக்குப் போக இப்படித்தான் வழி கிடைக்கிறது.

பார்த்துக் கற்றலும் அப்படியே. மற்றக் குழந்தைகள் “தயவுசெய்து”, “நன்றி”, “நானும் வரலாமா” என்பவற்றை ஓரிரு முறை நடித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அவற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, படமும் சேர்த்து, தனியே சொல்லித்தர வேண்டும்.

சத்தம் இன்னொன்று. மின்விசிறியின் இரைச்சல், ஓடு பதித்த தரையில் நாற்காலி இழுபடும் ஒலி, இருபது குழந்தைகளின் பேச்சு எல்லாம் சேர்ந்தால் சில குழந்தைகளுக்கு அது உடல்வலிக்குச் சமம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை, காதுக்கு ஒலி தடுக்கும் கவசம், தாங்க முடியாமல் போனால் சென்று உட்கார ஓர் அமைதி மூலை, இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. அந்த மூலை ஒருபோதும் தண்டனை இடமாக மாறக் கூடாது.

ஒரு குழந்தைக்கென்றே அமர்த்தப்படும் ஷேடோ டீச்சர் ஏற்பாட்டையும் இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். பல பள்ளிகள் பெற்றோர் செலவில் ஓர் ஆளை அமர்த்தச் சொல்லிவிட்டுத் தம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கின்றன. பயிற்சி இல்லாத அந்த ஆள் நாள் முழுதும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால், மற்றக் குழந்தைகள் நெருங்கவே தயங்குவார்கள். வகுப்பு ஆசிரியரும் அந்தக் குழந்தையைத் தம்முடையதாக நினைக்க மாட்டார். துணை ஆசிரியர் வகுப்பு முழுமைக்கும் உரியவராக இருக்க வேண்டும். இந்த மாதம் எந்த வேலைகளில் விலகி நிற்க முடிந்தது என்பதே அவர் வெற்றியின் அளவுகோல்.

மியூனிக், இத்தாலி, பிட்ஸ்பர்க்

இணைந்த வகுப்பை நடத்திப் பார்த்த இடங்கள் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் தியோடோர் ஹெல்புரூக்கெ என்ற குழந்தை மருத்துவர் 1968இல் அக்ட்சியோன் ஸோனன்ஷைன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் மருத்துவ மையத்தோடு இணைந்தே மாண்டிசோரி மழலையர் பள்ளியும், 1970இல் மாண்டிசோரிப் பள்ளியும் உருவாயின. குறைபாடு உள்ள குழந்தைகளைத் தனிப்பள்ளிக்கு அனுப்புவதே அன்று அந்நாட்டு வழக்கம். இவர் பள்ளியிலோ எல்லாரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறைப் பயிற்சியாளர், மாண்டிசோரி ஆசிரியர் அனைவரும் ஒரே குழந்தையைப் பற்றி ஒரே மேசையில் பேசினார்கள். பிற குழந்தைகளின் பெற்றோரும் தம் பிள்ளைகளை அங்கே சேர்க்க முன்வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாண்டிசோரி பிறந்த இத்தாலி இதை நாட்டுச் சட்டமாகவே ஆக்கியது. 1977ஆம் ஆண்டின் 517ஆம் எண் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்து, குறைபாடு உள்ள குழந்தைகளைப் பொது வகுப்புகளில் சேர்த்தது. அப்படிச் சேர்க்கும் வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், உதவி ஆசிரியர் வேண்டும் என்றும் அதே சட்டம் வகுத்தது. குழந்தையை உள்ளே அழைத்த அதே கையால் வகுப்பின் அளவையும் குறைத்தார்கள்.

ஆட்டிசம் உள்ள மழலையரையே நேரடியாக எடுத்துக்கொண்ட பெரிய ஆய்வு அமெரிக்காவிலிருந்து வருகிறது. பிலிப் ஸ்ட்ரெயின் 1981இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய லீப் என்ற திட்டம் மாண்டிசோரி முறை சார்ந்தது அன்று. ஆனால் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளையும் அவர்களைவிட அதிகமான பிற குழந்தைகளையும் ஒரே வகுப்பில் வைத்து, அந்தப் பிற குழந்தைகளுக்கே பயிற்சி தருவது அதன் வழி. நண்பனின் கவனத்தை எப்படி ஈர்ப்பது, பொம்மையை எப்படிப் பகிர்வது, எப்படிக் கேட்டு வாங்குவது, விளையாட்டை எப்படித் தொடங்குவது என்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். 2011இல் ஸ்ட்ரெயினும் போவியும் வெளியிட்ட ஆய்வில் 28 வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகள் நேரடிப் பயிற்சி கிடைத்தது. வேறு 28 வகுப்புகளுக்குக் கையேடுகள் மட்டும் தரப்பட்டன. பயிற்சி பெற்ற வகுப்புகளில் படித்த ஆட்டிசக் குழந்தைகள் மொழி, அறிவுத்திறன், பழகுதல் ஆகியவற்றில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். திட்டத்தை எவ்வளவு சரியாக நடத்தினார்களோ அவ்வளவுக்கு முன்னேற்றம் இருந்தது. இரு பக்கத்து வகுப்புகளிலும் குழந்தைகள் கலந்தே இருந்தார்கள். வேறுபாடு ஆசிரியர் பயிற்சியில் இருந்தது.

“அவனைப் பார்த்து என் பிள்ளையும் அப்படியே கத்தினால்?” என்ற அச்சம் மற்றப் பெற்றோருக்கு எழுவது இயல்பு. அதற்கு ஏளனமோ கோபமோ பதிலாகாது. ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்க அழைக்க வேண்டும். காத்திருத்தல், சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசுதல், ஒருவருக்கு ஏன் சத்தம் பிடிக்கவில்லை என்று யோசித்தல் ஆகியவை நான்கு வயதிலேயே கைவருவதை அவர்களே காண்பார்கள்.

நம் கடமை

உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதன் 16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்கவும், தேவைக்கேற்ற வசதி செய்யவும் வேண்டும் என்கிறது. சிறப்பாசிரியர் எண்ணிக்கைக்குத் தனி விகிதம் வகுத்துப் பணியிடங்களை உருவாக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. குழந்தையின் மூளை வேகமாக வளரும் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான காலம் அந்த உரிமைக்கு வெளியே நிற்கிறது. மாண்டிசோரி இல்லங்கள் இயங்குவதோ அந்த வயதில்தான்.

சான் லோரென்சோவில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்த இல்லம் இங்கே கட்டணம் அதிகமான தனியார் பள்ளியாக மாறிவிட்டது. சாதனங்களின் விலை காரணமாகச் சொல்லப்படுகிறது. அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பருப்பைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றுதல், துணி மடித்தல், பட்டாணியையும் கடலையையும் பிரித்தல், பொத்தான் போடுதல் ஆகியவற்றுக்கு வீட்டுப் பொருள்களே போதும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே பணியாற்றும் பெண்களுக்கு ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளையும், படவரிசை, பாய், இரண்டு தேர்வு போன்ற எளிய வழிகளையும் கற்றுத் தந்தால், தெரபி மையம் இல்லாத ஊர்களுக்கும் இந்தக் கல்வி போய்ச் சேரும்.

மாண்டிசோரிப் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆட்டிசம் பற்றிய பாடத்தையும், இணைந்த வகுப்பில் நேரடிப் பணியையும் பட்டயப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்குங்கள். அரசுக்கு: ஆறு வயதில் தொடங்கும் உரிமையை மூன்று வயதுக்குக் கொண்டுவாருங்கள், மியூனிக்கில் நடந்ததுபோலப் பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறைப் பயிற்சியாளரும் பள்ளிக்கே வந்து ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிட ஏற்பாடு செய்யுங்கள். பள்ளி நடத்துவோருக்கு: அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை விதிகளிலேயே, ஒவ்வொரு வகுப்பிலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இத்தனை இடங்கள் என்று எழுதுங்கள். அந்த வகுப்பில் 20 குழந்தைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். துணை ஆசிரியரின் ஊதியத்தை அந்த ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்தாமல் பள்ளியின் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.